நாலு மணி நேரத்தில் ஓர் ஊர்

எந்த ஊராக இருந்தாலும் அதை முழுமையாக அறிந்துகொள்ள நாலு மணி நேரம் போதும். இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. உண்மை என்று ஒன்று இருக்கும்போது அதை யாராவது ஒருவர் சொல்லித் தொலைக்க வேண்டியிருக்கிறது. இந்த நூற்றாண்டில் அது என் தலையில் விடிந்திருக்கிறது.

முறை எளியது. பேருந்து நிலையத்தில் ஆரம்பித்து, சந்தை வழியாக நடந்து, ஊர்க்காரர்கள் சாப்பிடும் கடையில் சாப்பிட்டு, கடைசியில் உயரமான ஓர் இடத்தில் ஏறி நின்று கீழே பார்க்க வேண்டும். ஊர் முடிந்தது. யாரிடமும் வழி கேட்கக் கூடாது. வழி கேட்பவன் ஊரைப் பார்ப்பதில்லை, ஊர்க்காரனின் கையைத்தான் பார்க்கிறான். ஒரே கடையில் இரண்டாவது தடவை சாப்பிடவும் கூடாது; அப்படிச் சாப்பிடுகிறவன் பயணி இல்லை, குடித்தனக்காரன். எல்லாவற்றுக்கும் மேலாகக் கண் திறந்திருக்க வேண்டும். பயணம் என்பது கண்ணின் வேலை.

இதையெல்லாம் எங்கள் கல்லூரிச் சுவரிதழில் ஏழு பகுதிகளாக எழுதினேன். முதல் ஆறு பகுதிகளையும் விடாமல் வாசித்த ஒரே ஜீவன் என் அக்கா. ஏழாவதைத் துறைத்தலைவர் சுவரிலிருந்து கிழித்துக்கொண்டு போய்விட்டார். எடுத்துப்போய் வாசித்திருப்பார் என்றே நம்புகிறேன். அதுவரை நான் பார்த்திருந்த ஊர்கள் மொத்தம் இரண்டு. அதில் ஒன்று நான் பிறந்த ஊர். ஆனால் விதி என்பது எண்ணிக்கையைச் சார்ந்ததில்லை.

அக்காவுக்குத் தொழில் காது. செவித்திறன் பரிசோதகர். நாலு சுவரிலும் மெத்தை மாதிரி பஞ்சு ஒட்டிய ஒரு சின்ன அறைக்குள் ஆளை உட்காரவைத்து, தலையில் ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்து, "சத்தம் கேட்டா அமுக்குங்க, கேக்கலேன்னா சும்மா இருங்க" என்பாள். சத்தமே கொடுக்காதபோது அமுக்குகிறவர்களில் ஆண்கள்தான் அதிகம் என்பது அவளுடைய ஏழு வருட அனுபவம்.

அந்த அக்காவுக்குத்தான் அழைப்பு வந்தது. வேறோர் ஊரில் புதிதாகத் திறக்கும் காது மருத்துவமனையில் பரிசோதனைப் பிரிவுக்கே பொறுப்பாளர். வெள்ளிக்கிழமை வந்து இடத்தைப் பார்க்க வேண்டும். சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் சரியா, வேண்டாமா என்று நேரில் வந்து சொல்ல வேண்டும். அங்கிருக்கும் டாக்டரம்மா போனில் வேலை கொடுக்கிற ரகமில்லை. ஐந்து மணிக்கு அவர் விமான நிலையம் கிளம்பிவிடுவார், அதற்குள் அக்கா போகாவிட்டால் பரிசோதனை அறையின் சாவி பட்டியலில் இருக்கும் அடுத்த ஆளுக்கு.

அக்காவுக்கு அந்த வேலை மேல் ஆசை. அந்த ஊர் மேல் பயம். வீட்டை விட்டு ஒரு வாரம்கூட வெளியே தங்கியதில்லை.

"யாராவது ஒருத்தர் கூட வந்தா நல்லா இருக்கும்" என்றாள்.

"நாலு மணி நேரத்துல அந்த ஊரை உன் கையில சுருட்டிக் கொடுக்கிறேன்" என்றேன்.

என் பெருந்தன்மைக்குப் பின்னால் ஒரு ஜன்னல் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் ஜன்னல் வைத்த அறை அக்காவுடையது. நான் படுப்பது கூடத்தில், ஃபிரிட்ஜுக்கும் அப்பாவின் குறட்டைக்கும் நடுவில். அக்கா சரி என்று சொன்னால் அந்த அறை எனக்கு என்று அம்மா ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருந்தாள். ஆகவே அந்த ஊரை நான் மனமார நேசிக்கத் தீர்மானித்துவிட்டேன், பார்ப்பதற்கு முன்பே.

ரயிலை விட்டு இறங்கி வெளியே வந்தோம். சதுக்கம், நாலு புறமும் கட்டடங்கள், நடுவில் டிராம் தண்டவாளம், புறாக்கள். நான் வலது பக்கத்திலிருந்து முறைப்படி ஊரைப் பார்க்கத் தொடங்கினேன். திரும்பினால் அக்கா வாசலுக்கு நட்டநடுவில் கண்ணை மூடிக்கொண்டு நின்றுகொண்டிருந்தாள். பெட்டி தூக்குகிற ஒருவர் அவளைத் தூண் என்று நினைத்துச் சுற்றிக்கொண்டு போனார்.

"என்ன பண்றே?"

"கேக்குறேன்."

"யார்கிட்ட?"

"ஊர்கிட்ட. சும்மா இரு."

உலகத்தில் கண்ணை மூடிக்கொண்டு ஊர் சுற்றிப் பார்க்க வந்த முதல் பெண்மணி என் அக்காவாகத்தான் இருக்க வேண்டும். "இதுக்கு எதுக்கு ரயில் ஏறி வரணும்? வீட்லயே போர்வையை இழுத்துப் போர்த்திட்டு படுத்திருந்தா உலகம் பூரா சுத்தியிருக்கலாமே" என்றேன். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவ்வளவு பெரிய காதுக்காரி, என் பேச்சை மட்டும் போட்டுக்கொள்ள இடம் இருக்காது.

"ஒரு சத்தம்கூட எனக்குத் தெரிஞ்ச சத்தமா இல்லடா" என்றாள் கண்ணைத் திறந்து. முகம் சுண்டிப்போயிருந்தது. "வீட்ல அப்படியில்ல. அப்பா படியேறும்போதே ஆபீஸ்ல என்ன நடந்துச்சுன்னு சொல்லிடுவேன். நல்லது நடந்திருந்தா குதிகாலை ஊன்றி டக்கு டக்குனு வருவார். மனசுல ஏதாவது ஓடிட்டு இருந்தா செருப்பை இழுப்பார். நம்ம வீட்ல எல்லாருமே அப்படித்தான்."

"நான்?"

"நீ புளுகப் போறப்ப மட்டும் மெதுவா நடப்பே."

"செருப்பை வெச்சு செய்தி வாசிக்கிற முதல் சேனல் நீதான். சரி, நீ எப்படி நடப்பே?"

"என் நடை எனக்கு எங்கடா கேக்கும்? அதை நீதான் கேட்டுச் சொல்லணும்."

அந்தப் பொறுப்பை நான் ஏற்கவில்லை. எனக்கு வேறு வேலை இருந்தது.

பேருந்து நிலையத்தையும் சந்தையையும் இரண்டு மணி நேரத்தில் முடித்தேன். முடித்தேன் என்றால், சந்தைக்குள் ஒரே மீன்கடையை நாலு தடவை கடந்தோம். நாலாவது தடவை மீன்காரர் எங்களுக்கு வணக்கம் வைத்தார். "வழி கேக்கலாமே" என்றாள் அக்கா. "நாம வழி தவறல. ஆழமாப் பாக்குறோம்" என்றேன்.

மருத்துவமனைக்குள் நுழையும் முன் சாப்பிட வேண்டும். மருத்துவமனைக்கு நேர் எதிரே, ஒரு பாலத்தின் ஓரத்தில், ஆறு மேசை போட்ட ஒரு கடை. எண்ணெய்ப் பிசுக்கில்லாத தரை, சுவரில் வரிசையாகக் கிண்ணங்கள், ஓரத்தில் என் இடுப்புயரம் ஒரு பானை. சமைப்பதும் பரிமாறுவதும் ஒரே அம்மாள்தான். தோளில் துண்டு, கையில் அகப்பை, முகத்தில் எதற்கும் அசையாத ஓர் அலட்சியம்.

"என்ன இருக்கு?" என்றேன்.

"மீன் சூப்பு. ரொட்டி."

"வேற?"

"ரொட்டி. மீன் சூப்பு."

கிண்ணம் வந்தது. மிளகு தூக்கலாக, எலுமிச்சை பிழிந்து, முள் எடுத்த வெள்ளை மீன் துண்டுகள் பூப்போல மிதந்தன. ரொட்டியின் மேல்தோல் கடித்தால் நொறுங்கியது; உள்ளே ஆவி. எனக்கு முதல் வாயிலேயே நாக்கு பொத்துவிட்டது, ஆனால் நிறுத்த மனசில்லை. அக்கா ரொட்டியைக் காதோரம் பிய்த்துப் பார்த்துவிட்டுச் சாப்பிட்டாள்.

"நல்லா மொறுமொறுன்னு இருக்குல்ல?"

"அக்கா, ரொட்டியை வாயில போடணும்."

அம்மாள் என் காலிக் கிண்ணத்தைப் பார்த்தார். "நாளைக்கு வருவீங்கள்ல, கொஞ்சம் ஆறவெச்சுத் தர்றேன்."

"மன்னிக்கணும். ஒரே கடையில ரெண்டு தடவை சாப்பிடறது என் கொள்கைக்கு ஒத்து வராது."

"அப்படியா?" என்றார் அவர், துண்டால் மேசையைத் துடைத்தபடி. "தம்பிக்குக் கொள்கை இருக்கு. எனக்குப் பானைதான் இருக்கு."

அக்கா சூப்பு புரையேறச் சிரித்தாள். வந்ததிலிருந்து அவள் சிரித்தது அப்போதுதான்.

மருத்துவமனைக்குள் ஒன்றரை மணி நேரம் இருந்தாள். நான் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து வீட்டு ஜன்னல் அறைக்கு என்ன நிறத்தில் திரை போடலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்தவள் செருப்பை இழுத்துக்கொண்டு வந்தாள். இழுத்த சத்தம் எனக்கும் கேட்டது. ஆனால் அதை நான் கேட்டதாக ஒப்புக்கொள்ளவில்லை.

"அறை அருமையா இருக்குடா. கதவைச் சாத்தினா என் மூச்சு எனக்கே கேக்குது. அந்த டாக்டரம்மாவும் நல்லவங்க."

"அப்போ சரின்னு சொல்லிட வேண்டியதுதானே?"

"கதவைத் திறந்தா வெளியில இந்த ஊர் இருக்கே."

மறுநாள் காலையில் அவள் கண் சிவந்திருந்தது. விடுதியில் ராத்திரி பூராவும் என்ன சத்தம் என்றே தெரியாத ஒரு சத்தம் என்றாள். அது லிஃப்ட். நான்தான் கண்டுபிடித்துச் சொன்னேன். லிஃப்டுக்குள் ஏறிய பிறகு.

அம்மா போன் செய்தாள். "ஊர் எப்படிடா?"

"பிரமாதம். அக்காவுக்குன்னே அளவெடுத்துக் கட்டின மாதிரி இருக்கு."

"அவ என்ன சொல்றா?"

"அவளுக்குக் கொஞ்சம் லேட்டாத்தான் கேக்கும்."

என் கடைசி ஆயுதத்தை எடுத்தேன்: உயரமான இடம். ஊரிலிருந்து பேருந்தில் முக்கால் மணி நேரத்தில் ஒரு மலை, மேலே ஓர் ஏரி. அந்த அழகைப் பார்த்தால் கல்லும் சரி என்று சொல்லிவிடும் என்பது என் கணக்கு. மலையிலிருந்து மூன்றரைக்குக் கடைசிப் பேருந்து. நாலே காலுக்கு ஊர். ஐந்துக்குள் டாக்டரம்மா. இதில் பிழை எங்கே இருக்கிறது? எங்குமில்லை.

ஏரியின் நுழைவாயிலில் இறங்கினோம். பெரிய மரப்பலகையில் வழிகள் வரைந்திருந்தன. எல்லோரும் அதைப் போனில் படம் பிடித்தார்கள். நான் ஒரு பார்வை பார்த்து மூளையில் ஏற்றிக்கொண்டேன். அக்கா வழக்கம்போலக் கண்ணை மூடிவிட்டாள்.

"கொடிக்கம்பத்துல கயிறு லூசா இருக்கு. இரும்புல தட்டுது பாரு. டிங்... டிங். கேக்குதா?"

"நாப்பத்தஞ்சு நிமிஷம் மலையேறி வந்தது ஒரு கயிறு தட்டுறதைக் கேக்கவா? கொஞ்சம் ஏரியையும் பாரு, பாவம், உனக்காகத்தான் அங்கேயே கிடக்குது."

ஏரி உண்மையிலேயே என் பக்கம் நின்றது. தண்ணீர் அசையாமல் மலையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தது. கரையில் ஆளுயர நாணல். அதற்குள் ஒரு பறவைக் கூட்டம், தண்ணீரில் ஓடியே எழும்பிப் பறந்தது. மரங்களின் அடியில் போன வருட இலைகள் மெத்தை மாதிரி அமுங்கின. அக்கா குனிந்து தண்ணீரில் கை வைத்தாள், சில்லென்றதும் உதறி என் முகத்தில் தெளித்தாள். எனக்கு அந்த ஜன்னல் திறக்கும் சத்தமே கேட்டுவிட்டது.

இரண்டே முக்காலுக்குத் திரும்பலாம் என்றாள். "இப்படியே மரத்துக்குள்ள வெட்டிப் போனா பத்து நிமிஷம்தான். பலகையில பாத்தேன்" என்றேன்.

பத்து நிமிடத்தில் நுழைவாயில் வரவில்லை. மேகம்தான் வந்தது. மலையின் தோளில் உட்கார்ந்திருந்த மேகம் எழுந்து, அவசரமே இல்லாமல் எங்கள் மேல் இறங்கியது. முதலில் ஏரி போனது, அப்புறம் மரங்கள், அப்புறம் என் சொந்தக் கை. மூன்றடிக்கு அப்பால் வெறும் வெள்ளை.

கண்ணை அகலத் திறந்து பார்த்தேன். நான் எழுதிய ஆறு பகுதிகளிலும் இதற்கு ஒரு வரி இல்லை. கிழிந்த ஏழாவதிலும் இல்லை, எழுதியவனுக்குத் தெரியும்.

"எந்தப் பக்கம்?" என்றாள் அக்கா.

"இப்படி" என்று நடந்தேன். ஈரத்தில் அவள் கால் ஒரு வேரில் சிக்கி, செருப்பின் வார் அறுந்தது. கைப்பையிலிருந்து ஊக்கை எடுத்துக் குத்திக்கொண்டாள். அதன் பிறகு ஒவ்வோர் அடிக்கும் அந்தச் செருப்பு சட், சட் என்று அடித்துக்கொண்டது. கொஞ்ச தூரத்தில் அவள் நின்றுவிட்டாள்.

"இந்த வேர்லதான் என் செருப்பு அறுந்துச்சு."

குனிந்து பார்த்தேன். அறுந்த வாரின் துணுக்கு அங்கேயே கிடந்தது. மணி மூன்று ஐந்து. போனில் ஒரு கோடுகூட இல்லை. வழி கேட்கலாம் என்றால், என் வாழ்க்கையில் முதன்முறையாக நான் வழி கேட்கத் தயாராக இருந்தேன், ஆனால் ஆளே இல்லை.

"அக்கா" என்றேன். "சரியோ, வேண்டாமோ, அதைச் சொல்றதுக்காவது நீ அங்க இருக்கணும். நான்தான் கெடுத்துட்டேன். நான் வேணா கத்திப் பாக்கட்டுமா?"

"வேணாம். ரெண்டு நிமிஷம் வாயை மூடு. அது போதும்."

நான் பேசத் தெரிந்த நாளிலிருந்து யாரும் இவ்வளவு பெரிய உதவியை என்னிடம் கேட்டதில்லை. மூடினேன்.

அக்கா கண்ணை மூடினாள். மூச்சைக்கூட நிறுத்திவிட்டாள் போலிருந்தது. தலையை மெல்ல இடதுபுறம் திருப்பினாள், வலதுபுறம் திருப்பினாள், மறுபடி ஒரு நூலளவு இடதுபுறம். பரிசோதனை அறையின் அந்தப் பக்கம் பொத்தானோடு உட்காரும் ஆள் மாதிரி அவள் கட்டை விரல் தன்னையறியாமல் ஒருமுறை அமுங்கியது.

"இருக்கு."

"என்ன?"

"கயிறு. ரெண்டு காதுலயும் ஒரே அளவுக்கு வர்ற மாதிரி திரும்பிட்டேன். அப்படின்னா இப்ப என் மூக்கு எங்க காட்டுதோ அங்கதான் கம்பம். என் பையைப் பிடிச்சுட்டு வா. பேசாத."

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அதைச் சொல்லவும் இல்லை. அவள் பைவாரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். இருபது அடிக்கு ஒருமுறை நிற்பாள், தலையைத் திருப்புவாள், நூல் பிடித்த மாதிரி மறுபடி நடப்பாள். ஒரு பள்ளம், ஒரு சரிவு, சரளைக்கல். அப்புறம் எனக்கும் கேட்டது. டிங். அவ்வளவு சன்னமாக. டிங். வெள்ளைக்குள்ளிருந்து முதலில் கம்பமும், பின்னால் அந்த மரப்பலகையும், பின்னால் பேருந்தின் மஞ்சள் விளக்கும் வந்தன. மணி மூன்று இருபத்தெட்டு.

"கேட் பக்கத்துலயேதான் இருந்தீங்களா? இந்த மேகத்துல உள்ள மாட்டினா ஆளைக் கண்டுபிடிக்க முடியாதே" என்றார் நடத்துநர்.

"ஆழமாப் பாத்துட்டு வர்றோம்" என்றாள் அக்கா.

பேருந்தில் அவளுக்கு ஜன்னலோர இருக்கை. ஜன்னல் கண்ணாடியில் தலையைச் சாய்த்திருந்தாள். ஒருமுறை மட்டும், "ஒரு சத்தம் தெரிஞ்சிடுச்சுல்ல" என்றாள். என்னிடமா, கண்ணாடியிடமா தெரியவில்லை. சரி சொல்லப் போகிறாயா என்று கேட்க வாய் வரை வந்தது. இரண்டு நிமிட மௌனத்தின் ருசி இன்னும் நாக்கில் இருந்ததாலோ என்னவோ, கேட்கவில்லை.

நாலு முப்பத்தைந்துக்கு மருத்துவமனை வாசலில் இறங்கினோம். வழியில் டிராம் நின்றதற்கு நான் பொறுப்பில்லை. டாக்டரம்மாவின் பெட்டி வாசலில் தயாராக இருந்தது. அக்கா சட், சட் என்று படியேறி உள்ளே போனாள். ஏறிய நடை வேகமாகவும் இல்லை, இழுக்கவும் இல்லை. அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. இதை நான் ஏன் கவனித்தேன் என்பதையும் சொல்ல முடியாது.

பெஞ்சில் உட்கார முடியவில்லை. உடம்பு ஈரம், குளிர். எதிரே கடை. வேறு கடைகளும் இருந்திருக்கும், தேட நேரமில்லை.

அம்மாள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "கொள்கை சௌக்கியமா?"

"மலையில வெச்சிட்டு வந்துட்டேன்மா. ஒரு சூப்பு."

"ஆறவெச்சா?"

"சூடா."

கிண்ணம் வந்தது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். நான் உட்கார்ந்த இடம் சுவரைப் பார்த்தது. வாசல் முதுகுக்குப் பின்னால். திரும்பி உட்காரலாம். உட்காரவில்லை. சுற்றிலும் யாரும் கவனிக்கிறார்களா என்று பார்த்துவிட்டு, கண்ணை மூடினேன்.

முதலில் ஒரே இரைச்சல். அப்புறம் இரைச்சல் பிரிந்தது. அகப்பை பானையின் விளிம்பில் தட்டும் சத்தம். பின்மேசையில் யாரோ ரொட்டி பிய்க்கிறார்கள், நொறுக்கென்று. பாலத்துக்கு அடியில் தண்ணீர். டிராம் வளைவில் திரும்பும்போது போடும் நீளமான கீச். நேற்று முழுவதும் நான் நாலு கண்ணாகப் பார்த்த ஊரில் இதில் ஒன்றுகூட இருக்கவில்லை.

இவற்றுக்கெல்லாம் அப்பால், தெருவின் அந்தப் பக்கம், ஒரு கதவு திறந்து மூடியது.

சட்.

படி இறங்குகிறாள். சட், சட். இழுக்கிறாளா? மூச்சை நிறுத்தினேன். இல்லை. குதிகால். குதிகாலை ஊன்றி, அறுந்த செருப்பென்றும் பாராமல், சட் டக்கு, சட் டக்கு என்று அப்பாவே சம்பள உயர்வோடு வருகிற மாதிரி ஒரு நடை. அந்த நடையில் ஒரு சாவி வேறு குலுங்கியது.

ஜன்னல் வைத்த அறை எனக்குக் கிடைத்துவிட்டது. அதில் யாருடைய செருப்புச் சத்தமும் இருக்காது என்பதை ஏனோ இதுவரை யோசித்திருக்கவில்லை.

"அம்மா, இன்னொரு கிண்ணம்" என்றேன்.

"யாருக்கு? யாரையும் காணோமே."

"எங்க அக்காவுக்கு. ரொட்டி நல்லா மொறுமொறுன்னு பாத்துக் குடுங்க. இனிமே இந்த ஊர்க்காரி."

கடையின் கதவு கிறீச்சிட்டது. செருப்பு என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது. நான் கண்ணைத் திறக்கவில்லை. இன்னும் கொஞ்சம் கேட்க வேண்டியிருந்தது.